போல்ட்டின் அடியில் செம்பொடி

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது நான்தான். லங்காவித் தீவிலிருந்து கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அண்ணன் எஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தபோது, அது அடங்குவதற்குச் சற்று முன்னால், படகின் வயிற்றுக்குள்ளிருந்து ‘கிண்’ என்று ஒரு சின்ன ஒலி. கொலுசில் ஒரு முத்து மட்டும் தளர்ந்து ஆடினால் வருமே, அது மாதிரி. வேகத்தைக் கூட்டியதும் காணாமல் போனது.

“அண்ணே, உள்ள என்னமோ தட்டுதுல்லா?”

“பழைய எஞ்சின் ஏட்டி. அதுக்கு அப்படித்தான் இருக்கும். நீ வெளிய உக்காந்து கடலப் பாரு.”

பார்த்தேன். ஏப்ரல் மாதத்து மலாக்கா நீரிணை எண்ணெய் தடவின தோசைக்கல் மாதிரி கிடந்தது. வடகிழக்குக் காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று இன்னும் பிறக்காத இடைக்காலம். இரண்டு பாய்களும் சுருட்டிக் கட்டியபடியே இருக்க, 33 அடி நீளப் பாய்மரப் படகை இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின் தள்ளிக்கொண்டு போனது.

இதற்கா தூத்துக்குடியிலிருந்து வந்தேன் என்று இருந்தது எனக்கு. எங்கள் அப்பா பழைய துறைமுகத்தில் ஒரு தோணி முதலாளியிடம் கணக்கெழுதியவர். பாய் விரித்துக் கொழும்புக்குப் போன தோணிகளைப் பார்த்தவர். பிறகு ஒவ்வொரு தோணிக்கும் எஞ்சின் வந்தது. இன்றைக்கும் எங்கள் ஊர்த் தோணிகள் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டடச் சாமானும் ஏற்றிக்கொண்டு போகின்றன, எஞ்சின் போட்டுத்தான் போகின்றன. “முன்னாடி தோணி நடக்கும், இப்ப ஒதறுது” என்பார் அப்பா. கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுகளைப் பெயர் சொல்லிப் பழக்கியவர் அவர். அவருடைய மனத்தாங்கல் எனக்கும் ஒட்டிக்கொண்டது. சிங்கப்பூரில் கட்டட எஞ்சினியராக இருக்கும் அண்ணன், முப்பது வருஷத்துக்கு மேல் பழசான இந்தப் படகை வாங்கிவிட்டு, “லங்காவியிலேருந்து சிங்கப்பூர் வரைக்கும் ஓட்டிட்டுப் போவோம், வா” என்றபோது என் மனசில் இருந்ததெல்லாம் பாயில் காற்று அறையும் சத்தமும், அது அடங்கியபின் வரும் நிசப்தமும்தான். எஞ்சினைப் பற்றி நினைக்கவே இல்லை. அதைப் படகு கட்டியவர்களும் மறைத்துத்தான் வைத்திருந்தார்கள். கீழே இறங்கும் படிக்கட்டைக் கழற்றினால் பின்னால் அலமாரியளவு இருட்டு. அதற்குள் இருந்தது.

வழியிலிருந்த பாயார் தீவு பின்னால் போய் ஒரு மணி நேரம் இருக்கும். ‘டங்’ என்று ஒரு சத்தம், கூடவே கீச்சென்ற அலறல், பெல்ட் கருகும் நாற்றம். அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டுப் படிக்கட்டைக் கழற்றினான். ஆல்டர்னேட்டரைப் பிடித்திருந்த இரும்புப் பிராக்கெட் இரண்டாக உடைந்து, ஒரு துண்டு அடியிலிருந்த கறுப்புத் தண்ணீரில் கிடந்தது. மூன்று நாளுக்கு முன்புதான் அதே பிராக்கெட் லங்காவியில் உடைந்து, ஒரு பட்டறையில் பற்றவைத்துக் கொண்டுவந்திருந்தான். பற்றவைத்த இடம் தையல் போட்ட வடு மாதிரி கெட்டியாகவே இருந்தது. அதற்கு அரை சென்டிமீட்டர் தள்ளி உடைந்திருந்தது.

மின்சாரத்துக்குத்தானே ஆல்டர்னேட்டர், அது இல்லாமல் போனால் என்ன என்று கேட்டேன். அப்படி இல்லையாம். அதை இழுக்கும் அதே பெல்ட்தான் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுழற்றும் பம்ப்பையும் ஓட்டுகிறது. உள்ளங்கை நீளத்து இரும்புத் துண்டு உடைந்தால் பெல்ட் இல்லை. பெல்ட் இல்லையென்றால் தண்ணீர் ஓட்டம் இல்லை. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சூடேறி இறுகிவிடும். மொத்தப் படகும் அந்தத் துண்டில்தான் நின்றிருக்கிறது.

பாயை விரித்தோம். அது துவைத்துப் போட்ட வேட்டி மாதிரி தொங்கியது.

அன்று ராத்திரி நடந்த சண்டையை எழுதாமல் விட முடியாது. பினாங்குக்கு இன்னும் பாதி வழிக்கு மேல் இருந்தது. படகு நீரோட்டத்தோடு சும்மா நகர்ந்தது. தூரத்தில் இழுவைப் படகுகளின் விளக்குகள் நெருங்கும்போதெல்லாம் அண்ணன் டார்ச்சைத் தூக்கிப் பாயின் மேல் அடித்தான்.

“நான் காலையிலயே சொன்னேன்லா?”

“ஒனக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்?”

“காது இருக்குல்லா எனக்கு. நீ எப்பவும் அப்படித்தான். ஒடஞ்சத ஒட்டுவ. ஏன் ஒடஞ்சதுன்னு கேக்க மாட்ட.”

அந்தக் கடைசி வாக்கியம் பிராக்கெட்டைப் பற்றியது மட்டும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். வீட்டில் பல வருஷமாகப் பேசாமல் கிடந்தவை எல்லாம் அதில் இருந்தன. அவன் பதில் சொல்லவில்லை. சுக்கானைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கிழக்கே ஜெராய் மலை கறுத்து நின்றது. 1,217 மீட்டர் உயரம். அதன் அடிவாரத்தில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கைத்தான் நம் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம் என்கிறார்கள். வங்கக் கடலைத் தாண்டி வந்த மரக்கலங்களுக்கு அந்த மலைதான் அடையாளம். அவற்றில் வந்தவர்களும் இப்படிக் காற்றுக்காகக் காத்துக் கிடந்திருப்பார்கள் என்ற எண்ணம் எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. தண்ணீர் வாளியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றுதான் பார்த்தேன். அப்பா சொன்ன தோணிக் கதைகள் எல்லாவற்றிலும் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. காற்றில்லாத நாட்களை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. நடுச்சாமத்தில், அந்த அசையாத தண்ணீரில், முதல் தடவையாக எனக்கு அந்த எஞ்சின் வேண்டியிருந்தது.

விடியலில் வந்த கொஞ்சம் கரைக்காற்றில் ஊர்ந்தோம். கடைசி சில மைல்களுக்கு, டிங்கி என்ற குட்டிப் படகை அதன் சின்ன மோட்டாரோடு படகின் விலாவில் கட்டிக்கொண்டோம். மாலை நான்கு மணிக்குப் பினாங்கின் கிழக்குக் கரைக்கும் ஜெரெஜாக் தீவுக்கும் நடுவே நங்கூரம் போட்டோம்.

ஜார்ஜ் டவுனில் அண்ணன் போன் செய்த இரண்டு இடங்களிலும் ஒரு வாரமாகும் என்றார்கள். மறுநாள் பத்து மாவுங் மீன்பிடித் துறையில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு சீனப் பெரியவர் உடைந்த பிராக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, மூன்று கடை தள்ளிக் கையைக் காட்டினார். அங்கே பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஒருவர் மீன்பிடிப் படகு எஞ்சின் ஒன்றின் தலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும். நாங்கள் பேசியதைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

“ஊர்லேருந்து வந்திருக்கீங்களா?”

மலேசியத் தமிழர்களுக்கு ‘ஊர்’ என்றால் தமிழ்நாடுதான். நான் வழக்கம்போல “ஆமா அண்ணாச்சி” என்றேன். அந்த விளி அவருக்குப் புதிது. இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அண்ணன் முகத்தில் நம்பிக்கை இல்லை. அவன் எதிர்பார்த்தது சட்டையில் பெயர் தைத்த ஆளை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

“வெல்டிங் வேணாம் அங்கிள். இதே மாதிரி பத்து மில்லி தகட்டுல ஒண்ணு வெட்டிக் குடுத்தாப் போதும்” என்றான் அண்ணன்.

அவர் பதில் சொல்லாமல் பையில் சாமான்களை எடுத்து வைத்தார். “படகைப் பாக்கலாம் தம்பி.”

படகில் ஏறியதும் எஞ்சினைப் பார்க்கவில்லை. படிக்கட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, “மொதல்ல சத்தம் கேட்டது யாரு?” என்று கேட்டார். அண்ணன் பேசாமல் இருந்தான். நான் கையைத் தூக்கினேன்.

“எப்படிக் கேட்டுச்சு? வாயால சொல்லுங்க.”

எனக்குக் கூச்சமாக இருந்தது. கொலுசு முத்து என்றேன். அவர் தலையை ஆட்டினார். “சொல்லாதீங்க. சத்தம் போட்டுக் காட்டுங்க.” நான் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் ஓடுவதை வாயால் ஓட்டி, வேகத்தைக் குறைத்து, அந்த இடம் வந்ததும் ‘கிண்’ என்றேன். “இன்னொரு தரம்” என்றார். மூன்று தடவை செய்தேன். “கொறைக்கும்போது மட்டும்தான்லா? ஏத்துனா இல்ல?” ஆமாம் என்றேன். அவர் எழுந்து டார்ச்சை வாங்கிக்கொண்டார். என் காதை ஒருவர் அப்படி நம்பியது எனக்கு இன்றைக்கும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

அவருடைய ‘லா’வும் எங்களுடைய ‘லா’வும் வேறு வேறு. ‘இருக்குல்லா’ என்று நாங்கள் சொல்வதில் ‘இல்லையா’ ஒளிந்திருக்கிறது. அவருடையது மலாயில் வாக்கியத்தின் முடிவில் வைக்கும் ஓர் அழுத்தம். ஆனால் அந்தக் குறுகின இருட்டுக்குள் மூன்று பேரும் குனிந்து பேசும்போது எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

எஞ்சின் நான்கு மூலைகளிலும் நான்கு மவுண்ட்டுகளின் மேல் நிற்கிறது. இரும்புத் தட்டுகளுக்கு நடுவே ஒட்டிய ரப்பர். அதிலிருந்து எழும்பும் திருகுத்தண்டு. அதில் மேலும் கீழும் நட்டு. எஞ்சினின் உதறலை இந்த ரப்பர் தின்றுவிட வேண்டும், படகுக்கு விடக் கூடாது. அண்ணாச்சி டார்ச்சை இடப்பக்க முன் மவுண்ட்டில் நிறுத்தினார்.

“இங்க யாரு குங்குமம் வச்சது?”

போல்ட் தலையைச் சுற்றி, வட்டமாக, மாவு மாதிரி மெல்லிய செம்பழுப்புப் பொடி. வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். நான் துரு என்று நினைத்தேன். துருதான், ஆனால் தண்ணீரால் வந்தது இல்லை. இறுகி இருக்க வேண்டிய இரண்டு இரும்புகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒன்றையொன்று தேய்க்கும்போது உதிரும் பொடி அது. எந்த போல்ட்டின் அடியில் அது இருக்கிறதோ அந்த போல்ட் ஆடுகிறது. ஸ்பேனர் போட்டுப் பார்க்கவே வேண்டாம், பொடி சொல்லிவிடும் என்றார். இன்னும் இரண்டு இடங்களில் இருந்தது: பின் மவுண்ட் ஒன்றில், எஞ்சினைச் சுழல்விசிறித் தண்டோடு இணைக்கும் சாப்ட் கப்ளிங்கில். அங்கே கையை விட்டு ஒரு நட்டை விரலாலேயே திருகிக் காட்டினார். என் கொலுசு முத்து அதுதான்.

பிறகு அந்த முன் மவுண்ட்டின் ரப்பரை நகத்தால் அழுத்தினார். பழுத்த கொய்யாவில் அழுத்தின மாதிரி நகம் உள்ளே போனது. “ரப்பர் செத்துப்போச்சு தம்பி. டீசல் குடிச்சிருக்கு.” நேர் மேலே, இன்ஜெக்டரிலிருந்து மிச்ச டீசல் திரும்பும் சின்னக் குழாயின் முனையில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது, ரப்பரின் மேல்.

அண்ணன் அந்தத் துளியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. உதறலில் குழாய் முனை தளர்ந்திருக்கிறது. அதனால் டீசல் கசிந்து ரப்பரை ஊறவைத்திருக்கிறது. ரப்பர் இளகி அந்த மூலை அமுங்கி எஞ்சின் சாய்ந்திருக்கிறது. சாய்ந்ததால் சாப்ட்டோடு நேர் தப்பி உதறல் கூடியிருக்கிறது. கூடிய உதறல் குழாயை இன்னும் தளர்த்தியிருக்கிறது. எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல முடியாதபடி வட்டமாகச் சுற்றியிருக்கிறது. பிராக்கெட் அந்த வட்டத்துக்கு வெளியே நின்ற ஒன்று. அது தாங்க முடியாமல் போய் உடைந்து காட்டிக்கொடுத்தது.

ஆனாலும் அண்ணன் விடவில்லை. மவுண்ட்டை மாற்றுவோம், பிராக்கெட்டையும் பத்து மில்லியில் போடுவோம் என்றான். இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. அண்ணாச்சியின் குரல் உயரவில்லை, வார்த்தை மட்டும் குறைந்தது.

“தடிப்பாப் போட்டா பிராக்கெட் ஒடையாது. சரி. அப்ப எது ஒடையும்?”

பிராக்கெட் பூட்டியிருக்கும் எஞ்சின் பிளாக்கின் வார்ப்புக் காதை விரலால் தொட்டார். “இது ஒடையும். இது வார்ப்பிரும்பு. இத யாரு ஒட்டுறது? எஞ்சினையே தூக்கிப் போடணும்.”

அண்ணன் கட்டடம் கட்டுகிறவன். பாரம் ஓரிடத்தில் தடுக்கப்பட்டால் அடுத்த இடத்துக்குப் போகும் என்பது அவனுக்குப் பாடப்புத்தகம். அவன் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன். சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். படவில்லை. பாவமாக இருந்தது.

பழைய அளவிலேயே பிராக்கெட் செய்வது என்று முடிவானது. உடைந்த துண்டை அண்ணாச்சி மண்ணெண்ணெயில் கழுவி என் கையில் கொடுத்தார். உடைந்த முகத்தைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். முக்கால்வாசி வழவழப்பாக, கறுத்து, மெல்லிய வளைகோடுகளோடு இருந்தது. எங்கள் கடற்கரையில் பொறுக்கும் மட்டிச் சிப்பியின் முதுகில் இருக்குமே, ஒரு மூலையிலிருந்து கிளம்பி விரிந்துகொண்டே போகும் வரிகள், அச்சு அசல் அது. ஓரத்தில் மட்டும் ஒரு சின்னப் பகுதி சீனி கொட்டின மாதிரி மினுமினுத்தது.

“இந்தச் சீனிதான் முந்தாநேத்து ஒடஞ்சது. மத்ததெல்லாம் எப்பவோ ஒடஞ்சது. ஒவ்வொரு கோடும் ஒரு ஓட்டம்.”

வரிகள் கிளம்பிய மூலையைத் தேடினேன். வெல்டிங் வடுவுக்குப் பக்கத்தில், சூடு பட்ட இடத்தில் இருந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். நிமிஷத்துக்கு 2,400 சுற்று என்றால் மணிக்கு 1,44,000. பற்றவைத்தபின் எஞ்சின் ஓடியது 22 மணி நேரம் என்று மீட்டர் காட்டியது. அப்படியானால் 31 லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அசைப்பாவது உண்டு. ஒரே தடவையில் அந்தத் துண்டை உடைக்க வேண்டுமானால் சம்மட்டி வேண்டும். முப்பத்தொரு லட்சம் தடவை என்றால் சின்ன நடுக்கமே போதும். இதை உலகம் கற்றுக்கொண்டது ரயிலில் என்று படித்தேன். 1842 மே 8ஆம் தேதி, வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு ஓட்டத்தில் ஒடிந்து, ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிறகு பிரஷ்ய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் வருஷக்கணக்கில் அச்சுகளைச் சுழலவிட்டு, எவ்வளவு பாரத்தை எத்தனை தடவை இரும்பு பொறுக்கும் என்று அளந்து வைத்தார். அந்த விபத்தில் இறந்தவர்களில் ஒருவர் டுமோன் தூர்வீல். பாய்க்கப்பலில் உலகைச் சுற்றி, அன்டார்க்டிகாவின் பனிக்கடலுக்குள் போய் உயிரோடு திரும்பிய பிரெஞ்சு மாலுமி. மனைவியோடும் மகனோடும் அந்த ரயிலில் இருந்தார். மூன்று பேரும் போனார்கள். அதைப் படித்தபின் வெகுநேரம் படுக்கையில் கிடந்து, நின்றுபோன எஞ்சினின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மவுண்ட் வர இரண்டு நாள் ஆயிற்று. இருப்பதிலேயே கெட்டியானதை வாங்கிவிடுவோம் என்ற அண்ணனிடம், ரப்பர் கெட்டியானால் உதறல் படகுக்கு ஏறும், இளகினால் எஞ்சின் குதிக்கும், இந்த எடைக்கு இந்த எண் என்று எழுதியிருக்கும் என்று சொல்லி நான்கையும் சேர்த்து மாற்றினார் அண்ணாச்சி. கெட்டதை மட்டும் மாற்றினால் புதுசு நிமிர்ந்து நிற்கும், பழசு குனிந்து நிற்கும் என்றார். கழற்றிய மவுண்ட்டைப் பாதியாக வெட்டி முகர்ந்து பார்த்தார்.

“எங்கம்மா பால்மரம் வெட்டுனவங்க. கெடாவுல, சுங்கை பட்டாணிப் பக்கம் தோட்டம். நான் ஒட்டுப்பால் பொறுக்குவேன். ரப்பர் நல்லா இருக்கா இல்லையான்னு மூக்கே சொல்லும்.”

மதியச் சாப்பாட்டை அவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார், எங்களுக்கும் சேர்த்து. அவித்த மரவள்ளிக்கிழங்கு, நெத்திலிச் சம்பல். நெத்திலி எங்கள் ஊரில் நாள் தவறாமல் குழம்பில் கிடக்கும் மீன். இங்கே அது கருவாடாகி, மிளகாயில் வதங்கி, இனிப்பும் உறைப்புமாகக் கிழங்கின் மேல் இருந்தது. முதல் வாயில் இனிப்பு பிடிக்கவில்லை. மூன்றாவது வாயில் கேட்டு வாங்கினேன். விடியலுக்கு முன்பே அம்மா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். முன்னூறு நானூறு மரம் ஒரு நாளைக்கு. பட்டையைத்தான் சீவணும், மரத்தைத் தொடக் கூடாது. ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும், மேலாகச் சீவினால் பால் வராது. கையில் அளவு இருக்கணும் என்று சொல்லி, ஈரக் கையைக் காற்றில் சாய்வாக ஒரு தடவை இழுத்துக் காட்டினார்.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே எதிரே இருந்த ஜெரெஜாக் தீவைக் காட்டினார். மூன்று நாளாக நான் பார்த்துக்கொண்டிருந்த பச்சைக் குன்று. நங்கூரம் போட நல்ல மறைப்பு என்று மட்டும் தெரியும்.

“எங்க பாட்டியக் கப்பல்லேருந்து எறக்கி அங்கதான் வச்சாங்க.”

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு வந்த தோட்டத் தொழிலாளர்களை நோய் இருக்கிறதா என்று பார்க்க அந்தத் தீவில் இறக்கி, நாள் கணக்கில் அடைத்து வைத்திருந்து, பிறகுதான் அக்கரைத் தோட்டங்களுக்கு அனுப்புவார்களாம். பாட்டி எந்த ஊர் என்று கேட்டேன். நாமக்கல் பக்கம் என்று மட்டும் தெரியும் என்றார். “அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் கேக்கல.” ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். நான் அந்தக் கரையை, மரங்களுக்கு நடுவே ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நங்கூரச் சங்கிலி தண்ணீருக்குள் அந்தப் பக்கம்தான் போயிற்று.

மிச்ச நாள் முழுக்க நேர் பார்க்கும் வேலை. எஞ்சினிலிருந்து வரும் கப்ளிங் ஒன்று, சாப்ட்டில் இருக்கும் கப்ளிங் ஒன்று, இரண்டு வட்ட முகங்கள். அவை கன்னத்தோடு கன்னம் வைத்த மாதிரி பொருந்த வேண்டும். போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். மேலே 0.15 மில்லிமீட்டர், கீழே 0.80. பத்து சென்டிமீட்டர் வட்டத்துக்கு வித்தியாசம் 0.1க்கு மேல் போகக் கூடாது. ஒரு தாளின் கனம். ஒரு மவுண்ட்டின் நட்டைக் கால் சுற்று திருப்புவார், அளப்பார். சாப்ட்டைக் கால் வட்டம் சுழற்றுவார், அளப்பார். முன்னால் ஏற்றினால் பின்னால் இறங்கும், இடது நகர்ந்தால் வலது திறக்கும். கூடையில் கோழிக்குஞ்சுகளை எண்ணுகிற பொறுமை வேண்டும்.

ஜனவரியில் படகைக் கரையேற்றிச் சாயம் அடித்தபோதே நேர் பார்த்தாயிற்று என்றான் அண்ணன். அண்ணாச்சி அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

“கரையில கட்டை மேல நிக்கிற படகு வேற, தண்ணியில மெதக்குற படகு வேற தம்பி. ஒடம்பு மாறும். பாய்மரக் கம்பிய இழுத்துக் கட்டுனா அதுக்கும் மாறும். எறக்கி ஒரு நாள் விட்டு, கம்பி எல்லாம் இறுக்கி, அப்புறம்தான் பாக்கணும்.”

அண்ணன் ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதையும் அவன் மறுக்கவில்லை. இரண்டு இன்ஜெக்டர் குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் காணாமல் போயிருந்ததை அவனே கண்டுபிடித்தான். அண்ணாச்சி அவன் முதுகில் தட்டினார். அந்தக் குழாய்களுக்குள் டீசல் சுமார் 170 பார் அழுத்தத்தில் துடிக்கிறது. பிடிப்பு இல்லாமல் தனியாக நடுங்கினால் ஒரு நாள் கழுத்தில் விரியும். விரிந்தால் கையால் தடவிப் பார்க்கக் கூடாது, தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும், அட்டையைப் பிடித்துத்தான் பார்க்கணும் என்றார். அண்ணன் அதையும் எழுதி அடிக்கோடிட்டான். திரும்பு குழாய் முனைக்குப் புதுச் செம்பு வாசர் போட்டார்கள்.

சாயங்காலம் 0.08க்கு வந்தது. எஞ்சினைக் கிளப்பினார்கள். அண்ணாச்சி நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு அதை என்னிடம் நீட்டினார். உள்ளே ஒரு பெரிய நிதானமான நடை. வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார். அந்த இடம் வந்தது. கடந்து போனது.

“அம்பது மணி ஓடுனதும் திரும்ப அளக்கணும். புது ரப்பர் உக்காரும். அது வரைக்கும் டெய்லி வெள்ளைத் துணியில தொடச்சிப் பாருங்க. குங்குமம் வந்தா நிறுத்திரணும்.” கூலியை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார். டிங்கியில் கொண்டுபோய் விட்டபோது, “அண்ணாச்சின்னா அண்ணனுக்கும் மேலயா?” என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள் விடிகாலை நங்கூரம் தூக்கினோம். காற்று இல்லை. பங்கோர் தீவு வரை பதினான்கு மணி நேரம் எஞ்சினில்தான் போனோம், எனக்குக் குறையாகத் தெரியவில்லை. பங்கோருக்கு வெளியே இருட்டிவிட்டது. அண்ணன் படிக்கட்டைக் கழற்றி, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, நான்கு மவுண்ட்டையும் கப்ளிங்கையும் வெள்ளைத் துணியால் துடைத்து ஒவ்வொன்றாக என்னிடம் நீட்டினான். எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. நங்கூரம் போடுமிடம் நெருங்கியதும் சுக்கானுக்குப் போய், கையை வேகக் கம்பியில் வைத்தான்.

“ஏட்டி, இப்பக் கொறைக்கப்போறேன். கேளு.”

குறைத்துக்கொண்டே வந்தான். மீட்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.